நான் எடுக்காத காக்கித் துணி

நெசவு நிலையத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் போன கிழமை என் வீட்டுக்கு வந்தார்கள். ஆண்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். எதற்கு என்று கேட்டேன். கந்தல் விரிப்பைக் கெட்டியாக நெய்த கைக்கு என்று சொல்லியிருந்தால், வேண்டாம் வேண்டாம் என்று கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுச் சம்மதித்திருப்பேன். ஆனால் அவர்களில் மூத்தவள் வேறு காரணம் சொன்னாள்.

"சண்டைக் காலத்தில மற்றப் பொம்புளையளக் காப்பாத்துறத்துக்கு நீங்க களவ உங்கட தலையில போட்டுக்கிட்டீங்களாமே ஆச்சி. அதுக்குத்தான்."

எனக்கு முகம் சுட்டது. அந்தக் கதை வாய்க்கு வாய் மாறி இத்தனை வருஷமாக நடமாடுகிறது. ஒவ்வொரு வாயிலும் நான் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, இப்போது கோயிலில் வைத்துக் கும்பிடாத குறைதான். நான் அதை ஒரு நாளும் மறுத்ததில்லை. மறுப்பதென்றால் நடந்ததைச் சொல்லவேண்டும். நடந்ததைச் சொல்ல வெட்கம். அந்தப் பிள்ளைகளுக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். எழுதுவதற்கு முகத்தைக் காட்டத் தேவையில்லை என்பதால் எழுதுகிறேன்.

அந்த இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்திய காலத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தது எலிசா நோனாவின் மடுவத்தில். மட்டக்களப்புப் பட்டினத்தில், வாவிக் கரையோடு கிடுகு வேய்ந்து நின்ற நீளமான கொட்டில் அது. நோனா பறங்கிப் பெண். அவருடைய புருஷன் தச்சர். சாவதற்கு முன் முதிரை மரத்தில் தறிகளைச் செய்து வைத்துவிட்டுப் போனார். எங்கள் பக்கத்து நெசவாளர் குழியில் காலை விட்டு நெய்வார்கள். இந்தத் தறி நிலத்துக்கு மேலே, பெரிய கட்டில் அளவுக்கு நிற்கும். பலகையில் ஏறி உட்கார்ந்து மிதியை மிதித்தால் கொட்டில் முழுக்க அதிரும்.

காத்தான்குடித் தறிகளில் சாரமும் சேலையும் நெய்தார்கள். நாங்கள் நெய்தது கந்தல். ஊர் உடுத்துக் கழித்த துணியைக் கீலம் கீலமாகக் கிழித்து, வாசலில் போடவும் கட்டிலடியில் விரிக்கவும் தடித்த விரிப்பாக நெய்து கொடுப்போம். வாவியைக் கடந்து வேலைக்கு ஏற்றிவருகிற தோணிக்காரர்கள் எங்களைக் 'கந்தல்காரிகள்' என்றுதான் சொல்வார்கள். அதற்கென்றே நான் மற்றவர்களைவிடத் துப்புரவாக உடுத்துவேன். கொசுவம் கலையாமல், நெஞ்சை நிமிர்த்தி, தோணியிலிருந்து இறங்கும்போது பட்டினத்து ரீச்சர் என்று யாராவது நினைக்கவேண்டும் என்பதுதான் என் எண்ணம். மடுவத்தில் எனக்குச் 'சீமாட்டி' என்று பேர். கேலிக்குத்தான் வைத்தார்கள். நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

தொழில் பழகிய காலத்தைச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்கமாட்டேன். முதல் மாரி முழுக்கத் துணி கிழித்தேன், அவ்வளவுதான். அதில் நோனா திருப்திப்பட்ட பிறகுதான் தறிப் பலகையில் ஏற விட்டார்.

கிழிப்பது என்ன பெரிய வேலை என்று சிரிக்கவேண்டாம். நிலையத்துப் பிள்ளைகள் நீங்கள் இப்போது தையல்கடை வெட்டுத் துண்டுகளைக் கத்தரியால் நறுக்கிப் போடுகிறீர்கள். அதனால்தான் உங்கள் விரிப்பு ஒரு வருஷத்தில் தும்பு கக்குகிறது. பழந்துணியை முதலில் கட்டாடியார் வாங்கிப்போய் உவர்மண் போட்டு அவித்து வெளுத்துக் கொண்டுவருவார். பொத்தான், மடிப்புத் தையல், பட்டி எல்லாவற்றையும் அகற்றவேண்டும். பிறகு ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு வெட்டி, இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுவையில் கிழிக்கவேண்டும். அப்போதுதான் துணி தன் இழையோடு நேராகப் பிரியும். மெல்லிய துணி என்றால் இரண்டு விரல் அகலம், தடித்த துணி என்றால் ஒரு விரல் அகலம். நெய்து அடித்த பிறகு இரண்டும் ஒரே தடிப்பில் வந்து நிற்கும். கீலத்தோடு கீலத்தை முடிச்சுப் போட்டு இணைக்கக் கூடாது. இரண்டு நுனியிலும் ஓட்டை போட்டு, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து இழுக்கவேண்டும். முடிச்சுப் போட்டால் வெறுங்காலில் நடக்கிறவனுக்குத் தெரிந்துவிடும்.

தறியில் குறுக்கே ஊடையாகக் கீலத்தைப் போடும்போது நேராக இழுத்துப் போடக் கூடாது. வில்லுப் போல வளைத்துப் போட்டு, அச்சுப் பலகையால் அடித்து, மிதியை மாற்றி மிதித்து, இன்னொரு தரம் அடிக்கவேண்டும். நேராக இழுத்தால் விரிப்பின் நடு ஒடுங்கிப்போகும். "இடுப்பு வெச்ச விரிப்பு எனக்கு வேணாம் புள்ள, இடுப்பு உங்களுக்கு இருந்தாக் காணும்" என்பார் நோனா.

நோனாவுக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. வெளிச்சம், நிழல் தெரியும், மற்றதெல்லாம் விரல்தான். நெய்து முடித்த விரிப்பை மேசையில் போட்டுவிட்டு நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். அவர் உள்ளங்கையைத் தட்டையாக வைத்து ஓரத்திலிருந்து ஓரத்துக்குத் தடவிக்கொண்டு போவார். எங்கே அடி குறைந்தது, எங்கே கதை பேசிக்கொண்டு நெய்தோம் என்று கை நின்று நின்று சொல்லும். வெள்ளைக் கவுன், தோல் செருப்பு, இடுப்பில் சாவிக்கொத்து. குரலை உயர்த்தி யாரையும் ஏசியதில்லை. பிடிக்காத விரிப்பை மெதுவாகச் சுருட்டி நெய்தவளின் மடியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். பிரித்து மறுபடி நெய்யவேண்டும். அந்தச் சுருட்டலைவிட அடி வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

அவருடைய மடுவத்தில் ஒரு கட்டளை மட்டும் இருந்தது. வந்த துணி யாருடையது என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. சின்னப் பட்டினம். எந்த வீட்டுப் பெண் எந்தச் சேலை உடுத்தாள் என்று எங்களுக்குத் தெரியும். அது கந்தலாக வந்தால், அந்த வீட்டில் என்ன நடந்தது என்றும் ஊகிக்கலாம். யாராவது ஒருத்தி, "நோனா, இது இன்னாருட..." என்று தொடங்கினால் போதும். "துணி எண்டா துணி. ஆருட எண்டு நான் கேட்டனா?" என்று முடித்துவிடுவார். அவர் கேட்கவே மாட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியாமல்தான் நான் கெட்டுப்போனேன்.

சண்டை வந்தது. துணிக்குக் கூப்பன் வந்தது. கூப்பன் கையில் இருந்தது, கடையில் துணி இருக்கவில்லை. ஊரில் ஒருவரும் கந்தலைக் கழிக்கவில்லை, கந்தலைத்தானே உடுத்திக்கொண்டிருந்தார்கள். கட்டாடியார் வெறுங்கையோடு வந்து நின்றார். தறிகள் படுத்துவிடும் என்று இருந்த நேரத்தில், பட்டாளத்து முகாம் ஒன்றிலிருந்து நோனாவுக்கு வேலை கிடைத்தது. முகாமில் கழித்த காக்கிச் சட்டை, களிசான், கூடாரத் துணி எல்லாம் மூட்டையாக வரும். அவற்றைக் கிழித்து, முகாமின் கட்டில்களுக்கு அடியில் போட விரிப்பு நெய்து கொடுக்கவேண்டும்.

கழித்த துணி என்றா சொன்னேன்? முழங்காலில் ஒரு கிழிசல், கழுத்தில் ஒரு கறை. மற்றப்படி அந்தக் களிசான்கள் எங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு உடுத்தக்கூடிய நிலையில் இருந்தன. ஒட்டு மேல் ஒட்டுப் போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு, அப்படிப்பட்ட துணியை மடியில் வைத்து, சப்பாத்துக் கால்கள் மிதிப்பதற்காகக் கீலம் கீலமாகக் கிழித்தோம். கிழிக்கும் சத்தம் கேட்கும் போதெல்லாம் யாராவது ஒருத்தி பெருமூச்சு விடுவாள். அரசாங்கத் துணி வெளியே போகக் கூடாது என்று சட்டம். மூட்டை உள்ளே வரும்போதும் தராசில் போட்டு நிறுத்தார்கள். விரிப்பும் கழிவும் திரும்பிப் போகும்போதும் நிறுத்தார்கள்.

எங்களில் பூமணி என்று ஒருத்தி இருந்தாள். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு வயல் வட்டையோரம் அவள் குடிசை. புருஷன் துறைமுக வேலைக்கென்று திருகோணமலைக்குப் போனவன், ஒரு தகவலும் இல்லை. அவளுக்கு இருந்தது நீலக்கரைச் சேலை ஒன்று. அதில் ஒட்டுப் போடாத இடம் குறைவு. "பூமணி, உன்ட சேலையில சேலையத் தேடித்தான் புடிக்கணும்" என்று ஒரு நாள் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். மடுவமே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

இனி என் விஷயம். என்னிடம் இரண்டு சேலை இருந்தன. என் தங்கைக்குப் பிள்ளை பிறந்தபோது ஒன்றைக் கொடுத்துவிட்டேன். மிச்சம் ஒன்று. உள்ளே கட்டிய பாவாடை நைந்து நைந்து ஒரு நாள் தோய்க்கும்போது கையோடு வந்துவிட்டது. மிச்சமிருந்தது உடம்பு தெரிகிற மெல்லிய வாயில் சேலை. வாவிக் காற்றில் தோணியில் நிற்கவேண்டும். சீமாட்டி என்ன செய்வாள்?

சண்டைக்கு முன்னே, தறிக்கு அடியில் விழும் துணிக் கழிவு நெய்தவளுக்குச் சொந்தம். அதை நான் தலையணைக்குள் அடைத்து வைத்திருந்தேன். அந்தத் தலையணையைப் பிரித்தேன். விரிப்பை அறுத்து எடுத்த பிறகு தறியில் ஒரு முழம் பாவு, அதாவது நீள நூல், மிஞ்சும். மிதித்தாலும் இழைகள் பிரிந்து வழிவிடாத இடம். அது எப்போதும் எங்களுக்கு விட்டதுதான். மற்றவர்கள் கரைக்குச் சாப்பிடப் போகும் நேரங்களில், அந்த ஒரு முழத்தில் விரலாலேயே இழை இழையாகக் கோத்து நெய்தேன். தறியின் அகலம் என் இடுப்பைச் சுற்றி வந்தது. நீளம் முழங்காலைத் தொடவில்லை. கயிறு போட்டுக் கட்டிக்கொண்டேன்.

வேறு வார்த்தை தேடுவானேன்? நான் கால்மிதி கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். மேலே கொசுவம் வைத்த வாயில் சேலை, உள்ளே ஊர்க் கந்தல் எல்லாம் சேர்ந்த கால்மிதி. நான் உட்கார்ந்தாலும் அது உட்காராது, நின்றுகொண்டே இருக்கும். இடுப்புத் தோல் உரிந்தது. மழையில் நனைந்தால் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கீழே இழுக்கும். ஒருவருக்கும் தெரியாது. என் அம்மாவுக்குக்கூடக் காட்டவில்லை. அது களவில்லை, என் சொந்தக் கழிவு, என் சொந்தக் கை. ஆனால் யாராவது பார்த்துவிட்டால், அதுவும் நான் நாக்கைத் தீட்டிக் கேலி செய்த பெண்கள் பார்த்துவிட்டால், அந்த இடத்திலேயே செத்துவிடலாம் என்று இருந்தது.

ஒரு நாள் பின்னேரம் முகாமிலிருந்து ஸ்டோர் பார்க்கிறவர் வந்தார். வெளியூர் ஆள். நிறை குறைகிறது என்றார். ஒரு தரம் அல்ல, பல தரம் குறைந்திருக்கிறதாம்.

"ஆளக் காட்டுங்க நோனா. இல்லாட்டி ஒவ்வொருத்தியாச் சோதிச்சுப் பாருங்க. நான் வாசல்ல நிக்கிறன். ஆள் தெரியாட்டி இனி மூட்டை வராது."

மூட்டை வராது என்றால் மடுவம் மூடும். மடுவம் மூடினால் அத்தனை வீட்டிலும் அடுப்பு எரியாது. நோனா ஒரு பெரிய விரிப்பைக் கொடியில் தொங்கவிடச் சொல்லி, அந்த மறைப்புக்குப் பின்னால் போய் நின்றார். ஒவ்வொருத்தியாக உள்ளே போகவேண்டும். கண் தெரியாதவர், கையால்தான் சோதனை.

முதலாவது போனவள் வெளியே வந்தாள். "ஒண்டுமில்ல" என்று நோனாவின் குரல் கேட்டது. அடுத்தது பூமணி. அவளுக்கும் "ஒண்டுமில்ல, போ" என்றார். பூமணி தலையைக் குனிந்துகொண்டு என்னைத் தாண்டிப் போனாள். அடுத்தது நான்.

அந்தக் கையை எனக்குத் தெரியும். ஒரு தடவல் போதும். பாவு எத்தனை இழை, ஊடை என்ன துணி, விரலால் கோத்ததா மிதித்து நெய்ததா என்று அத்தனையும் சொல்லிவிடும். "இதென்ன புள்ள, கால்மிதி கட்டியிருக்கிற?" என்று அவர் உரக்கக் கேட்கிற மாதிரியே எனக்குள் கேட்டது. அதற்குப் பின் வெடிக்கிற சிரிப்பும் கேட்டது. ஸ்டோர்காரருடைய சிரிப்பு அதில் சேர்ந்தது. மறைப்புக்கு வெளியிலேயே நின்றேன்.

"நோனா, நான்தான் எடுத்தன்" என்று சொல்லிவிட்டேன்.

கள்ளி என்ற பேர் எனக்கு அந்த நேரம் லேசாகத் தெரிந்தது. கால்மிதி கட்டியவள் என்ற பேர்தான் தாங்காது. இதைப் படிக்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

நோனா வெளியே வந்தார். சோதனை நின்றுவிட்டது. ஸ்டோர்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க அது?"

"வீட்டில."

"நாளைக்கு இஞ்ச வரணும். வந்து, என்ட கண்ணுக்கு முன்னால கிழிபடணும். அதோட விடுறன்."

அவர் போனதும் எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அவர்கள் எடுத்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஏதோ ஒரு துண்டு, பிள்ளைக்கோ தனக்கோ. சிலபேர் அந்த நேரமும் மடியில் வைத்திருந்தார்கள். என்னைத் தவிர எல்லோரும் என்று நினைக்கிறேன்.

"எங்களுக்காகச் சொன்னீங்களே அக்கா" என்று ஒருத்தி என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இன்னொருத்தி அழுதாள். இல்லையடி, எனக்காகத்தான் சொன்னேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன்: அது எனக்குப் பிடித்திருந்தது. சீமாட்டி என்று கேலி பண்ணியவர்கள் கையை ஒற்றிக்கொள்கிறார்கள். பூமணி மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். நாளைக்குக் காக்கிக்கு எங்கே போவேன்? எடுக்காத துணியை எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஊரில் உடுக்கவே துணியில்லை, காக்கிக்கு யாரிடம் போய்க் கேட்பது?

அலைய வேண்டியிருக்கவில்லை. காலையில் பட்டினத்துத் தோணித்துறையில் அவர்கள் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். ஆளுக்கொரு துண்டாக பன்புல்லில் இழைத்த என் பெட்டிக்குள் போட்டார்கள். ஒரு சட்டைக் கை. கூடாரத் துணியில் தைத்த குழந்தைச் சட்டை ஒன்று. ஒரு சின்னப் பிள்ளையின் களிசான், வளர வளர அவிழ்த்துவிட இடம் வைத்துத் தைத்தது. பூமணி கடைசியாக வந்தாள். ஒரு கை அகலமான காக்கித் துண்டை மடித்து மேலே வைத்துவிட்டு முன்னே நடந்தாள்.

நோனா பெட்டியை மேசையில் கொட்டச் சொன்னார். ஒவ்வொன்றாக எடுத்துத் தடவினார். அந்தச் சின்னக் களிசானில் கை நின்றது.

"இதில உன்ட எது?"

"எல்லாம், நோனா."

"உனக்குப் புள்ளையில்ல. இந்தக் களிசான் ஆருக்கு?"

நான் வெறும்பெட்டியை மூடி வைத்தேன். அவர் அதை மடித்து வைத்தார். "சரி. நான் கேக்கல்ல" என்றார். அந்தக் குரலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஸ்டோர்காரர் வந்து பார்த்தார். களிசானையும் சட்டையையும் பார்த்ததும் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. முகத்தை வாவிப் பக்கம் திருப்பிக்கொண்டு, "கிழிக்கச் சொல்லுங்க, அவளையே" என்றார்.

நான் நிலத்தில் உட்கார்ந்து கிழித்தேன். தறிகள் எல்லாம் நின்றிருந்தன. சட்டைக் கை லேசாகப் போயிற்று. குழந்தைச் சட்டையின் தையலை முதலில் பிரிக்கவேண்டியிருந்தது. சின்னச் சின்னத் தையல், யாரோ ஒருத்தி விளக்கு வெளிச்சத்தில் கண்ணை இடுக்கித் தைத்திருப்பாள். களிசானில் வெட்டு வெட்டி இழுத்தபோது சத்தம் கொட்டில் முழுக்கக் கேட்டது. யாருடையது என்று பார்க்கவேண்டாம் என்று தலையைக் குனிந்துகொண்டேன். ஆனாலும் ஒவ்வொரு துணியைக் கையில் எடுக்கும்போதும் ஒவ்வொரு பக்கத்தில் ஒரு மூச்சு நின்றது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வரும் பக்கத்தை வைத்துச் சொந்தக்காரி யார் என்று தெரிந்தது.

கடைசியில் பூமணியின் துண்டு. சதுரமாக இருந்தது. நான்கு ஓரத்திலும் ஊசி போன ஓட்டைகள். ஒரு மூலையில் நீல நூல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அது எங்கேயோ மடித்து வைத்திருந்த துண்டு அல்ல. சேலையின் நடுவிலே ஒட்டாக இருந்தது, அன்றைக்குத்தான் பிரித்திருக்கிறாள். அப்படியென்றால் அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது? நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் முந்தானையை இடுப்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தறிப் பலகையை விட்டு எழும்பாமல் உட்கார்ந்திருந்தாள். ஸ்டோர்காரர் நிற்கிறார். நான் அதையும் கிழித்தேன்.

அடுத்த நாள் பூமணி வேலைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. காய்ச்சலாக்கும் என்றாள் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை நான் தோணி ஏறிப் படுவான்கரைக்குப் போனேன்.

குடிசைக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.

"ஆரு?"

"நான்தான் புள்ள, பரிமளம்."

உள்ளே எதுவோ அவசரமாக நகர்ந்தது. "உள்ள வராதீங்க அக்கா. உடுப்பு மாத்துறன்."

"சரி, மாத்திற்று வா" என்று சொல்லிவிட்டுப் பூவரசுக்குக் கீழே உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. கதவு திறக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நெல் காயவைத்துக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்துப் பார்த்துவிட்டு, கடைசியில் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நாலஞ்சு நாளா அப்பிடித்தாங்கா சொல்றாள். உடுப்பு மாத்துறாளாம். தண்ணியும் நான்தான் அள்ளி வாசல்ல வைக்கிறன். சேல நடுவால போயிற்று. குடுக்க என்னட்டயும் ஒண்டுமில்ல."

அவள் போன பிறகு நான் மரத்துக்குப் பின்னால் போனேன். கயிற்றை அவிழ்த்தேன். கால்மிதி காலடியில் பொத்தென்று விழுந்தது. அதைச் சுருட்டிக்கொண்டு வந்து, கதவின் இடுக்கு வழியாக உள்ளே தள்ளினேன்.

"இந்தா. இதக் கட்டு."

உள்ளே அதை விரித்துப் பார்க்கிற சத்தம். பிறகு, "என்னக்கா இது, கால்மிதியா?"

"நான் கட்டியிருந்ததுகா."

இனி மறைக்க என்ன இருக்கிறது? கதவோடு வாயை வைத்துச் சொன்னேன். தலையணையைப் பிரித்தது, விரலால் கோத்தது, இடுப்புப் புண். நோனாவுடைய கை பட்டுவிடும் என்று பயந்துதான் அன்றைக்கு அப்படிச் சொன்னேன், உங்களில் ஒருத்திக்காகவும் இல்லை என்று சொன்னேன். நான் ஒரு நூல்கூட எடுக்கவில்லை என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்தது. என்னை நினைத்துத்தான் அழுதேனோ என்னவோ.

அவள் பேசியபோது குரலில் கோபம் இல்லை. களைத்துப்போனவளின் குரல்.

"நோனா என்ட ஒட்டத் தொட்டவக்கா. நல்லா, நாலு ஓரமும் தடவிப் பாத்தவ. பாத்திற்றுத்தான் ஒண்டுமில்ல, போ எண்டவ. எனக்கு முந்திப் போனவள்ட மடியிலயும் ஒரு துண்டு கிடந்தது. அவளையும் விட்டவ. எல்லாரையும் விட்டிருப்பா."

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்கட கால்மிதியத் தொட்டிருந்தாலும் ஒண்டும் கேட்டிருக்கமாட்டா. நீங்க வாய் துறக்காம உள்ள போயிருந்தாக் காணும். நான் நினைச்சன், எங்களுக்குப் பாவம் பாத்துச் சொல்றீங்களாக்கும் எண்டு. அதாலதான் பிரிச்சுத் தந்தன்."

பிறகு உள்ளே அவள் அதைக் கட்டுகிற சத்தம் கேட்டது. அந்த முரட்டு விரிப்பு தோலில் உரசுகிற சத்தம். கதவு திறந்தது. கிழிந்த சேலையின் ஒரு பாதியை மேலே சுற்றி, முழங்காலுக்கு மேல் நிற்கிற கால்மிதியோடு பூமணி வாசலில் நின்றாள். கண் கூசியதால் கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள். எத்தனை நாளைக்குப் பிறகு வெளிச்சத்துக்கு வருகிறாள்.

"வெயில்ல நிக்காதீங்கக்கா. உள்ளுக்கு வாங்க, தண்ணி குடிச்சிற்றுப் போங்க."

நான் உள்ளே போகவில்லை. அவள் ஏசியிருந்தால் போயிருப்பேன்.